காணி யார் பேரில் இருக்கிறது, தம்பி?

கேள்வி: இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டம். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தாத்தா காடு வெட்டித் திருத்திய மரக்கறிக் காணி, 20 பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) இருக்கும். உறுதி (காணிப் பத்திரம்) கிடையாது. ஆனால் எங்களுடையது என்று தோட்டத்துக்கே தெரியும். அப்பா தவறிய பிறகு தங்கச்சி குடும்பம் அதில் லீக்ஸ், கோவா போடுகிறது. டவுன் வியாபாரி ஒருவர் 8 லட்சம் தருகிறார். தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். அவள் பேர் தோட்டத்தில் பதிந்திருப்பதால் காம்பிரா (லயத்து வீடு) இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. நான் மூத்தவன், கொழும்பில் கடை வைத்திருக்கிறேன். என் பங்கை எப்படி வாங்குவது?

பதில்: தம்பி, காம்பிரா 'எங்களிடம்' இருக்கிறதா? நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். விடிகாலையில் அட்டை ஏறாமல் காலுக்குச் சவுக்காரம் தேய்த்து, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுகிற இடத்துக்குப் போகிறவள் அவள். அவள் பேர் செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவேட்டில்) இருக்கிறவரைதான் காம்பிரா. காம்பிரா இருக்கிறவரைதான் பின்னால் உள்ள காணி. இதை நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பங்கு கேட்கிறீர்கள்.

இதே கதை பதுளையிலிருந்தும் வருகிறது, ஹட்டனிலிருந்தும் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் மூத்த மகன். மண்ணைக் கொத்துகிறவர் பெரும்பாலும் தங்கச்சி.

முதலில் விற்கிற கதையை முடித்துவிடுவோம். கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மட்டும் திரும்பவும் கம்பனிகளிடம் வந்தது, காணி அரசுடையதுதான். தாத்தா வெட்டிய துண்டு உங்கள் பேரில் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. 10 வருடம் ஆண்டால் சொந்தம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது அரச காணியில் செல்லாது. ஆக, அந்த வியாபாரி எழுதித் தரச் சொல்கிற பத்திரத்தில் விற்பதற்கு உங்களிடம் ஒன்றுமில்லை. நாளைக்கு நிர்வாகம் கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டியது காம்பிராவில் இருக்கிறவள். 8 லட்சத்தை எண்ணுகிறவர் நீங்கள்.

லயத்துக்கென்று எழுதாத ஒரு வழக்கம் உண்டு. கொத்துகிறவன் வைத்துக்கொள்வான், போகிறவன் கொடுத்துவிட்டுப் போவான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன எங்கள் பக்கத்துக் காம்பிராக்காரர், கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று காலையில் மண்வெட்டியை என் அப்பாவிடம் நீட்டி, 'கிழங்கு இன்னும் தோண்டல, பார்த்துக்க' என்றார். அவ்வளவுதான் கைமாற்றம். ஒரு சதம் வாங்கவில்லை. அந்த வழக்கத்தை வைத்துத்தானே 'எங்களுடையது' என்கிறீர்கள்? அப்படியானால் அதே வழக்கப்படி அது இப்போது தங்கச்சியுடையது. பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

மூத்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூத்தவனுக்கு வேலை இருக்கிறது. தனி வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணி வருகிறது. உங்கள் தோட்டத்துக்கு எப்போது பட்டியல் போடுகிறார்கள் என்று பிரதேச செயலகத்தில் போய்க் கேளுங்கள். தங்கச்சிக்கு அன்றாட வேலையை விட்டுவிட்டு அலைய நேரமில்லை. நீங்கள் கடையை ஒரு நாள் பூட்டலாம். உறுதி எழுதும்போது மச்சான் (தங்கச்சி புருஷன்) பேர் மட்டும் போகாமல் அவள் பேரும் சேருகிறதா என்று பாருங்கள். ஆம்பளை பேரில் எழுதிவிட்டு, பிறகு பொம்பளை வாசலில் நிற்கிற கதையையும் நான் போதுமான அளவு படித்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள்தானே? ஒரு மூட்டை உரம் வாங்கிக்கொண்டு போங்கள். விலையைக் கடையில் நீங்களே கேளுங்கள்.