மெட்ரோ பிபிபி திட்டம்: டெண்டருக்கு முன் எதை முடிக்க வேண்டும்?

கேள்வி: மாநில அரசின் நகர்ப்புறப் போக்குவரத்து அமைப்பு ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். இதுவரை பார்த்தது எல்லாம் நெடுஞ்சாலைப் பணிதான். இப்போது அரசு-தனியார் கூட்டு முறையில் வரவிருக்கும் மெட்ரோ திட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். டிபிஆர் எனும் விரிவான திட்ட அறிக்கை தயாராகிவிட்டது, ஆறு மாதத்தில் டெண்டர் போட வேண்டும் என்கிறார்கள். சாலை அனுபவம் இதற்குப் போதுமா? முதலில் எதைக் கவனிப்பது?

பதில்: நிலம், நீதிமன்றம், மின்வாரியம் என்று அலைய வேண்டிய வேலைகளுக்குச் சாலை அனுபவம் நன்றாகவே கைகொடுக்கும். ஓர் இடத்தில் மட்டும் அது உங்களைத் தவறான வழியில் இழுத்துவிடும். சாலையைப் போடுபவர் ஒருவர், அதில் வண்டி ஓட்டுபவர் வேறு யாரோ. இருவருக்கும் நடுவில் ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. மெட்ரோவில் தூண், அதன்மேல் கிடக்கும் உத்தரமான கர்டர், அதைத் தாங்கும் பேரிங், தண்டவாளம், மின்சாரம், சிக்னல், பெட்டி எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு ரயில் ஓடும். அதனால் பணம் யார் போடுவது என்று பேசுவதற்கு முன்பே, யாருடைய வேலை எதுவரை என்பதை முடிவு செய்துவிட வேண்டும். டிபிஆர்களில் நிதி அத்தியாயம் பக்கம் பக்கமாக ஓடும். இந்த எல்லைக்கு ஒரு படமும் இரண்டு பத்தியும் ஒதுக்கியிருப்பார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டெல்லி ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பாதையைப் பாருங்கள். 22.7 கிலோமீட்டர். 2008-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, தூண்களும் சுரங்கமும் உள்ளிட்ட சிவில் கட்டுமானம் டெல்லி மெட்ரோ நிறுவனமான டிஎம்ஆர்சியின் பொறுப்பு. தண்டவாளம், மின்சாரம், சிக்னல், ரயில்கள், 30 ஆண்டு இயக்கம் எல்லாம் ரிலையன்ஸ் இன்ஃப்ரா தலைமையிலான தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. காகிதத்தில் மிகச் சுத்தமான பிரிவு. 2011 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய பாதை, 2012 ஜூலையில் நின்றுபோனது. கர்டர்களிலும் பேரிங்குகளிலும் குறைகள் தெரிந்தன. கட்டியது ஒருவர், அதன்மேல் ரயிலை நிறுத்த வேண்டிய நிலைக்கு வந்தது இன்னொருவர்.

குறையைச் சரிசெய்யச் சொல்லித் தனியார் தரப்பிலிருந்து டிஎம்ஆர்சிக்கு நோட்டீஸ் போனது. 90 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், அல்லது சரிசெய்வதற்கான பயனுள்ள நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. அக்டோபரில், சரியாகவில்லை என்று தனியார் தரப்பு ஒப்பந்தத்தை முறித்தது. 2013 ஜனவரியில் மெட்ரோ பாதுகாப்பு ஆணையரின் சான்றோடு அதே பாதை, குறைந்த வேகத்தில் மீண்டும் ஓடியது! ஜூலையில் டிஎம்ஆர்சி தானே ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. 2017-ல் நடுவர் மன்றம் தனியார் தரப்புக்கு 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வட்டியோடு தொகை 7,000 கோடியைத் தாண்டிய நிலையில், 2024 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம் சீராய்வுக்குப் பிந்தைய கடைசிக் கட்ட மனுவில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பாதுகாப்பு ஆணையரின் சான்றை நடுவர் மன்றம் உரியபடி கணக்கில் எடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம்.

வழக்கில் யார் சரி என்பது உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஒரு குறை சரியாகிவிட்டது என்று யார் சொன்னால் அது செல்லும் என்பதில் ஒப்பந்தத்தில் தெளிவிருந்தால், சண்டையின் பெரும்பகுதி முளைத்திருக்காது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை ஓர் அட்டவணை. தூண் முதல் டிக்கெட் கேட் வரை ஒவ்வொன்றுக்கும் வடிவமைப்பு யார், கட்டுவது யார், சோதித்து ஏற்பது யார், பழுது வந்தால் எத்தனை நாளில் யார் சரிசெய்வது, சரியானதென்று சான்று தருவது யார் என்று எழுதுங்கள். பதில் எழுத முடியாத கட்டங்கள் நிச்சயம் வரும். அவற்றை 'பின்னர் இரு தரப்பும் பேசி முடிவு செய்யும்' என்று நிரப்பாதீர்கள். சிவில் கட்டுமானம் அரசுடையது என்றால், தனியார் தரப்பு ஏற்றுக்கொள்ளும் முன் இரு தரப்பும் சேர்ந்து ஒவ்வொரு கர்டராகச் சோதித்துக் கையெழுத்திடும் ஏற்பாட்டை டெண்டர் ஆவணத்திலேயே வையுங்கள்.

இந்த எல்லைக்கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்பதையும் மேலிடத்துக்கு நினைவூட்டுங்கள். 2017-ன் மெட்ரோ கொள்கை, மத்திய உதவி வேண்டுமானால் ஏதாவது ஒரு வடிவில் தனியார் பங்கேற்பு வேண்டும் என்கிறது. முழுப் பாதையையும் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. டிக்கெட் வசூல் மட்டும், இயக்கமும் பராமரிப்பும் மட்டும் என்றும் கொடுக்கலாம்.

அடுத்தது நிலம். இதில் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஒரு வித்தியாசத்தைத் தவிர. சாலையில் நிலத்தில் பெரும் சதவீதம் கையில் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். மீதிக்கு மாற்றுவழி விட்டுச் சமாளிக்கலாம். மெட்ரோவில் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. ரயில்களை நிறுத்திப் பராமரிக்கும் டிப்போவுக்கு நிலம் வராவிட்டால் பெட்டிகளை இறக்கவும் முடியாது, சோதனை ஓட்டம் நடத்தவும் முடியாது. அதனால் டிப்போவை முதலில் முடியுங்கள், பிறகு நிலையங்கள், அப்புறம்தான் இடைப்பட்ட தூண்கள். புனேயில் ஹிஞ்சவடி-சிவாஜிநகர் மெட்ரோவுக்கு 2019-ல் கையெழுத்தானது. ஒப்பந்தக் காலம் எண்ணத் தொடங்கும் நாள் வந்ததோ 2021 நவம்பரில். கையெழுத்து நாளுக்கும் அந்த நாளுக்கும் நடுவில் அரசு என்னென்ன தர வேண்டும், தராவிட்டால் என்ன இழப்பீடு என்ற பகுதியை வக்கீல்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து நீங்களே படியுங்கள். தண்ணீர்க் குழாய், கேபிள் வரைபடங்களை நம்பவும் வேண்டாம். முக்கியச் சந்திப்புகளில் சோதனைப் பள்ளம் தோண்டிப் பார்த்துவிட்டு டெண்டருக்குப் போங்கள்.

வருமானக் கணிப்புக்கு வருவோம். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 14 நாடுகளின் 210 போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்தது. அதில் ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் பயணிகள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உங்கள் டிபிஆர் அந்தப் பத்தாவது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

ஹைதராபாத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2008 ஏலத்தில் மேட்டாஸ் என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைமையிலான குழு, அரசிடம் மானியமே வேண்டாம், 35 ஆண்டுகளில் நாங்களே 30,311 கோடி தருகிறோம் என்றது. அரசுத் தரப்பில் மகிழ்ச்சி. அப்போது டெல்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநராக இருந்த ஸ்ரீதரன் மட்டும், திட்டத்தோடு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்கும் இந்த முறையை வெளிப்படையாக எதிர்த்தார். 2009 ஜனவரியில் சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெடித்தது, அதை நடத்திய அதே குடும்பத்தின் மேட்டாஸால் நிதி திரட்ட முடியவில்லை, ஒப்பந்தம் ரத்தானது. மறு ஏலத்தில் 2010-ல் வென்ற எல் அண்ட் டி கேட்டதோ 1,458 கோடி மானியம். ஒரே திட்டம், இரண்டு ஆண்டு இடைவெளி, எப்படிப்பட்ட வித்தியாசம் பாருங்கள். வருமானத்தில் ஏறத்தாழப் பாதி டிக்கெட்டிலிருந்தும், மீதியில் பெரும்பகுதி வணிக வளாகங்களிலிருந்தும் வரும் என்பதே அந்த மாதிரியின் அடிப்படை. பாதை அமைப்பதில் தகராறுகள், பழைய நகரப் பகுதி கட்டப்படாமல் நின்றது, பிறகு கொரோனா. 2025 செப்டம்பரில், ஏறத்தாழ 13,000 கோடிக் கடனோடு அந்தப் பாதையைத் தானே எடுத்துக்கொள்ளத் தெலங்கானா அரசு கொள்கையளவில் ஒப்புக்கொண்டது.

ஏலத்தில் வரும் எண் அளவுக்கு மீறி இனித்தால் சந்தேகப்படுங்கள். ஆலோசகரிடம், கணித்ததில் பாதிப் பயணிகள்தான் வந்தார்கள், கடைகள் ஐந்து ஆண்டு தாமதமாகத்தான் நிரம்பின என்று வைத்து நிதி மாதிரியை ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் கடனைக் கட்ட முடியுமா? முடியாது என்றால், அந்த இடரை உண்மையில் சுமப்பது உங்கள் அரசுதான், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் சரி. அதைத் தெரிந்துகொண்டு, குறைந்தபட்ச வருமானத்துக்குக் கீழே போனால் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை முன்பே எழுதுவது மலிவு.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. மும்பை மெட்ரோ முதல் பாதை 2014 ஜூனில் திறந்தபோது, ஒப்பந்தத்தில் இருந்தது 9, 11, 13 ரூபாய். இயக்கும் நிறுவனம், மெட்ரோ சட்டம் தொடக்கக் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையைத் தனக்குத் தருகிறது என்று 10 முதல் 40 ரூபாய் வரை வைத்தது. திறப்பு விழாவோடு வழக்கும் தொடங்கியது. ஒப்பந்தத்தின் கட்டணப் பட்டியலும் சட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று டெண்டருக்கு முன்பே சட்டத் துறையிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள்.

கடைசியாக அந்த ஆறு மாதம். இவ்வளவையும் முடிக்க அது போதாது. மேலதிகாரியிடம் இதை நேராகச் சொல்வது கடினம் என்பதும் தெரியும். டெண்டரை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். நிறுவனங்களின் தகுதியைப் பார்க்கும் முதல் கட்டத்தை ஆறாவது மாதத்தில் அறிவித்தால் தேதி காப்பாற்றப்படும். விலை கேட்கும் இரண்டாம் கட்டத்தை டிப்போ நிலம் கைக்கு வந்து, எல்லை அட்டவணை முடிந்த பிறகு வெளியிடுங்கள். தகுதி பெற்ற நிறுவனங்களிடம் அந்த அட்டவணையின் வரைவைக் காட்டிக் கருத்தும் கேளுங்கள். அட்டவணையின் எந்தக் கட்டத்தைப் பார்த்து அவர்கள் விலையை ஏற்றுவார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.