பச்சைப் பட்டை போர்பன்: எந்த வடிசாலையுடையது?

உங்கள் பழைய போர்பன் (அமெரிக்க விஸ்கி) பாட்டிலில் கிளப்பில் யாருக்குமே தெரியாத ஒரு பெயர், '4/5 குவார்ட்' (பழைய அமெரிக்க அளவு), மூடிமேல் கிழிந்த பச்சை வரிப்பட்டை இருப்பதாகச் சொல்லி, எந்த வடிசாலையுடையது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். 4/5 குவார்ட் என்றால் 1980-க்கு முந்தைய பாட்டில். அதன் பிறகு 750 மி.லி.தான். பச்சைப் பட்டை 'பாட்டில்ட் இன் பாண்ட்' (அரசு மேற்பார்வையில் முதிரவைத்து அடைத்த) சரக்குக்கு உரியது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது 4 ஆண்டு, 100 ப்ரூஃப் (50% ஆல்கஹால்).

லேபிளில் உள்ள கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள். பாதி நேரம் அது கடைக்காரருக்காக வைத்த வெறும் பெயர். பொடி எழுத்தில் 'டி.எஸ்.பி-கே.ஒய்' (DSP-KY, கென்டக்கி மாநில வடிசாலைப் பதிவு) என்று எண் இருக்கிறதா பாருங்கள். 16 என்றால் ஸ்டிட்செல்-வெல்லர் வடிசாலை, 31 என்றால் 1996-இல் தீக்கிரையான பார்ட்ஸ்டவுன் ஊர் ஹெவன் ஹில் வடிசாலை. இரண்டு எண் இருந்தால் வடித்த இடத்தின் எண்ணை எடுங்கள், அடைத்ததை அல்ல. நான் ஒருமுறை மாற்றிப் படித்து, ஸ்டிட்செல் என்று நினைத்து வேறெதற்கோ பணத்தைக் கொட்டிக்கொடுத்தேன்!

பட்டையின் கிழியாத ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வடித்த பருவமும் அடைத்த பருவமும் அச்சாகியிருக்கும். அப்புறம், பாட்டிலின் அடியில் புடைத்திருக்கும் இரண்டு இலக்கம் பெரும்பாலும் கண்ணாடி வார்த்த ஆண்டு, விஸ்கியின் வயதல்ல. அடிப்பக்கத்தையும் பின் லேபிளையும் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.