மெஷ்ஷை நுணுக்க நுணுக்க வழுக்குப் பட்டை மெலிவது ஏன்?

அடர்ந்த மணல் சரிவு ஒன்றை, எலிமென்ட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் ஆராயும்போது, அந்தத் துண்டுகளின் வலையான மெஷ்ஷை நுணுக்கும் ஒவ்வொரு முறையும், மண் சறுக்கி உருக்குலையும் மெல்லிய பகுதியான வழுக்குப் பட்டை மெலிந்துகொண்டே போகிறது, இவற்றுள் எது உண்மையான அகலம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவுமே இல்லை என்பதுதான் பதில். உங்கள் உள்ளீட்டில் பிழை தேட வேண்டாம்.

உச்ச வலிமையைத் தாண்டியதும் வலுவிழக்கும் மண்ணாக நீங்கள் மணலை வரையறுத்திருப்பதால், முதலில் தளரும் எலிமென்ட் வரிசையே மேலும் மேலும் தளர்கிறது. அண்டை வரிசைகளோ சுமை குறைந்து மீள்கின்றன. வழக்கமான சமன்பாடுகளில் நீள அளவு எதுவும் இல்லாமையால், பட்டையின் அகலத்தைத் தீர்மானிக்க எலிமென்ட்டின் அகலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இயற்கையில் அந்த அகலம் மணலின் சராசரி மணி விட்டத்தைப் போல் ஏறத்தாழ 10 முதல் 20 மடங்கு, அதாவது அரை மில்லிமீட்டர் மணலுக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர். 20 மீட்டர் உயரமும் 40 மீட்டர் நீளமும் கொண்ட வெட்டுமுகத்தை ஒரு சென்டிமீட்டர் எலிமென்ட்டுகளால் நிரப்பினால் 80 லட்சம் வேண்டும். அப்போதும் பட்டை ஒரே வரிசைக்குள் அடங்கிவிடும். ஆகவே, சுற்றுப்புறத் திரிபின் (உருமாற்ற அளவின்) சராசரியைக் கொண்டு வலிமையைக் குறைக்கும் நான்லோக்கல் முறையையோ, மணிகளின் சுழற்சியையும் கணக்கில் கொள்ளும் காஸெரா முறையையோ நாடுகிறார்கள். இரண்டும் சமன்பாட்டுக்குள் ஒரு நீளத்தைக் கொண்டுவருகின்றன.

பாதுகாப்புக் காரணி, அதாவது சரிவு நிற்கத் தேவையான வலிமையைப் போல் மண்ணின் வலிமை எத்தனை மடங்கு என்ற எண், மட்டும் போதுமென்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. வலுவிழப்பை நீக்கிவிட்டு, மண்ணின் வலிமையைத் தீர்மானிக்கும் ஒட்டுத்தன்மையையும் உராய்வுக் கோணத்தின் டேஞ்சென்ட்டையும் ஒரே எண்ணால் வகுத்துக்கொண்டே போய், சரிவு எந்த எண்ணில் நிலைகுலைகிறது என்று பார்த்தால், மெஷ்ஷின் தாக்கம் பெரிதும் அடங்கிவிடும். பருத்த மெஷ் காரணியைச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அது ஆபத்தான பக்கத்துப் பிழை. வழுக்கும் மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாக்கிக் கணக்கிடும், 1955-இல் வெளிவந்த பிஷப் முறையில் ஒருமுறை சரிபார்ப்பது என் வழக்கம்.

பாறைச் சரிவு வேறு கதை. 1963 அக்டோபர் 9 அன்று இத்தாலியின் வயோன்ட் நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ 27 கோடி கனமீட்டர் பாறை சரிந்து, அணையைத் தாண்டிய அலையில் சுமார் 2,000 பேர் மாண்டனர். சுண்ணாம்புப் பாறை அடுக்குகளிடையே கிடந்த மெல்லிய களிமண் படிவுகளின் மேல்தான் அந்த மலைப்பகுதி நழுவியது என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. அத்தகைய படிவை நாமே இடைமுகமாக (அடுக்குகள் நழுவக்கூடிய எல்லையாக) வரைந்து கொடுக்காவிட்டால், எந்த மெஷ்ஷும் அதைக் கண்டுபிடித்துத் தராது. கணக்கீடு தரும் வண்ணப்படத்தைக் கண்டு மயங்கி அதை அறிக்கையில் ஒட்டிய காலம் எனக்கும் உண்டு. இப்போது முதலில் கோர், அதாவது துளையிட்டு எடுத்த பாறை உருளைகள், அடுக்கிய பெட்டிகளைத் திறந்து, கோர் கிடைக்காத இடைவெளிகளை அளக்கிறேன், ஏனெனில் துளையிடும் நீர் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போயிருக்கக்கூடிய இடங்கள் அவை.