சோறுதான் ஆகாது, பிஸ்கட் ஆகுமாக்கும்?

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம். குலதெய்வம் கோயிலில் சோறூட்டிய பிறகுதான் வீட்டில் கொடுக்கணும் என்கிறார் மாமியார். ஆறாம் மாதம் நாள் குறித்தோம். பங்காளி வீட்டில் சாவு விழுந்து தள்ளிப்போய்விட்டது. தாய்ப்பாலும் பாலில் நனைத்த பிஸ்கட்டும்தான் கொடுக்கிறேன். மீறினால் வீட்டில் சண்டை வரும். என்ன செய்ய?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: கவனித்தீர்களா, சோற்றுக்குத்தான் தடை. மைதாவும் சர்க்கரையுமான பிஸ்கட் எந்தத் தீட்டிலும் மாட்டவில்லை! கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலத்தில் வீடுவீடாக நான் பார்த்ததும் இதுதான். அந்தச் சந்திலேயே நீங்களும் நுழைந்துவிடுங்கள்.

அங்கன்வாடியில் 6 மாதம் முடிந்த பிள்ளைக்குச் சத்துமாவு தருகிறார்கள். வாங்கி வெந்நீரில் கெட்டியாகக் கிளறுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடக் கூடாது. மசித்த வாழைப்பழம், குழைந்த பருப்பு, நன்றாக வெந்த முட்டை எல்லாம் கொடுக்கலாம். 'முட்டை மாந்தம், பழம் சளி' என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும், வரட்டும். இப்போது நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதம் முடிந்ததும் மூன்று நான்கு. தாய்ப்பாலை 2 வயது வரை விடாதீர்கள். ஆனால் அதிலுள்ள இரும்புச்சத்து இந்த வயதுக்குப் போதாது. வயிற்றுக்குள் இருந்தபோதே பிள்ளை சேர்த்துவைத்ததும் தீர்ந்துவரும் நேரம் இது. கோயில் தேதிக்காக அது காத்திருக்காது.

மாமியாரிடம் 'டாக்டர் சொன்னார்' என்று வாதாடாதீர்கள். அவருக்குச் சாமி பயம் பாதி. 'பிள்ளைக்கு ஒன்று ஆனால் ஊர் என்னைத்தானே கேட்கும்' என்பது மீதி. அங்கன்வாடியில் எடை போடும் நாளில் அவரையே பிள்ளையைத் தூக்கிவரச் சொல்லுங்கள். அட்டையில் புள்ளி வைப்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும். சோறூட்டை வசதிப்பட்டபோது ஜாம்ஜாமென்று செய்யுங்கள். அதுசரி, கடிதம் முழுக்கத் தேடினேன், உங்கள் வீட்டுக்காரரைக் காணோமே?

கேள்வி: தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கப் பெரிய மாமா ஆசைப்படுகிறார். அவர் குணம் வரும் என்று நம்பிக்கை.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒரு வயது முடியும்வரை தேன் துளிகூட ஆகாது, அதிலிருக்கும் ஒருவகைக் கிருமி பச்சிளம் குடலில் விஷமாகிவிடக்கூடும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் துளி கொடுப்பவர் குணம்தான் வருமென்றால், பெற்றவள் குணமே வந்துவிட்டுப் போகட்டுமே! மாமாவைப் பெயர் சூட்டும் நாளில் காதில் பெயர் சொல்லச் சொல்லுங்கள்.