வடதுருவ ஒளி (இரவு வானில் ஆடும் அரோரா) படத்தில் மட்டும் அவ்வளவு பச்சையாக இருப்பது எடிட்டிங்கா?

இல்லை. இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் திறன் குறைந்துவிடும். மங்கலான ஒளி சாம்பலாகத்தான் தெரியும். கேமரா சென்சாரோ பல விநாடி ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பச்சை, சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழ்வது. 200 கிலோமீட்டரைத் தாண்டினால் அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும்.

நார்வேயின் டிராம்சோ போன்ற ஊரில் எடுக்கப்போகிறீர்களா? லென்ஸ் திறப்பு எஃப் 2.8, சென்சாரின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 8 விநாடி என்று தொடங்குங்கள். ஒளி வேகமாக ஆடினால் 2 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒளியின் திரைச்சீலை போன்ற மடிப்புகள் கரைந்து வெறும் பச்சைப் புகைதான் மிஞ்சும். அந்த மடிப்புகளுக்காகத்தானே இரவெல்லாம் பனியில் நிற்கிறோம்! ஃபோகஸை ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் கையால் வைத்து, அது நகராதபடி லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதலாக ஒன்றை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.