கொழும்பில் கோல்ஃப் போட்டி

கேள்வி: உதகையில் கோல்ஃப் ஆடும் நண்பர்கள் எட்டுப் பேர் இலங்கை சென்று எங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்ளவிருக்கிறோம். ஆட்டத்திறனில் ஏற்றத்தாழ்வு உண்டு. எந்த முறை பொருந்தும்?
– குன்னூர் வாசகர்

பதில்: குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையே பொருந்தும். ஹேண்டிகேப்பை (ஆட்டத்திறனுக்கேற்ப ஒருவருக்குத் தரப்படும் சலுகை அடிகளை) கழித்த பிறகு, ஒரு குழியைப் பார் கணக்கில் (அந்தக் குழிக்கென வகுத்த அடிகளில்) முடித்தால் 2 புள்ளிகள், ஓர் அடி கூடினால் 1, குறைந்தால் 3 என்று எண்ணுவதால், ஒரு குழியில் தடுமாறியவர் அடுத்த குழியில் தெம்பாக ஆடலாம். புதியவரும் தேர்ந்தவரை வெல்லலாம். அந்த மகிழ்ச்சிக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். கொழும்பில் நீங்கள் ஆடக்கூடிய, 1879இல் தொடங்கப்பட்ட ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பில், களனிவெளி ரயில் பாதை மைதானத்தின் ஊடாகவே செல்கிறது. உதகையில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்து மெல்லிய காற்றில் பந்து பறக்கும் தூரம் கடல்மட்டத்தை ஒட்டிய கொழும்பில் கிடைக்காது என்பதால், 7ஆம் எண் அயர்னை (இரும்புத் தலை மட்டையை) எடுக்கும் இடத்தில், பந்தைக் கூடுதல் தூரம் அனுப்பும் 6ஐயோ 5ஐயோ எடுங்கள். இறுதிச் சுற்றை மலைநகரான நுவரெலியாவில் வைத்துக்கொள்ளுங்கள்.