வாசகர் கேள்விகள்: பிவிசி பைப்பில் சாட்டர்ன்-5

கேள்வி: அப்போலோ 11-ஐ நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் மாதிரியைப் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்கிறோம். சார்ட்டைச் சுருட்டினால் நெளிந்துவிடுகிறது. 1:100 அளவு சரியா? – ஆசிரியை, பாலக்கோடு

பதில்: கணக்குக்கு 1:100 சுலபம்தான், ஆனால் அந்தப் பருமனில் பைப் கிடைக்காது. பைப்பை வைத்து அளவை முடிவு செய்யுங்கள். தருமபுரியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் 110 மி.மீ. பிவிசி பைப் உண்டு. ராக்கெட்டின் அடிப்பகுதி விட்டம் 10.06 மீட்டர். ஆக அளவு 1:91.5, நிஜத்தில் 110.6 மீட்டர் உயரம், உங்களிடம் 121 செ.மீ.

முதல் அடுக்கு 46, இரண்டாவது 27. இரண்டுக்கும் ஒரே விட்டம் என்பதால் 73 செ.மீ. துண்டு ஒன்றே போதும். மூன்றாம் அடுக்குக்கு 75 மி.மீ. பைப்பில் 14 செ.மீ. (கணக்குப்படி 72 மி.மீ.; அந்த 3 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது). இரண்டையும் இணைக்கும் கூம்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சார்ட்டில் ஒரே மையத்திலிருந்து 20.5 செ.மீ., 14 செ.மீ. ஆரங்களில் இரண்டு வில் வரைந்து, 96 டிகிரி அளந்து, ஒட்டுவதற்கு 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள். சரியாக உட்காரும். வெள்ளைப் பசை பிவிசியில் பிடிக்காது. ரப்பர் பசை பூசுங்கள்.

மீதி 27.5 செ.மீ. விண்கலம்: இன்னொரு கூம்பு, 40 மி.மீ. பைப், உச்சியில் 11 செ.மீ. தப்பிப்புக் கோபுரம். அதற்குப் பேனாக் குழாய் போதும்.

அடியில் ஐந்து எஞ்சின்கள், வாய் அகலம் 40 மி.மீ. எடையை இவற்றின் மேல் ஏற்றாதீர்கள், நசுங்கிவிடும். பைப்புக்குள் பிளைவுட் வட்டம் ஒன்றைத் திருகி, நடு எஞ்சின் வழியாக 12 மி.மீ. த்ரெட் ராடு இறக்கி, 30 செ.மீ. சதுரப் பலகையில் நட்டுப் போட்டு இறுக்குங்கள். வட்டத்தின் மேல் ஒரு சாண் மணல் கொட்டினால் பிள்ளைகள் இடித்தாலும் சாயாது.

கேள்வி: ஸ்ப்ரே அடித்த வெள்ளை உரிகிறது. கறுப்புப் பட்டைகளும் படத்துக்குப் படம் மாறுகின்றனவே? – மாணவர், காவேரிப்பட்டணம்

பதில்: வழவழப்பான பிவிசியில் பெயிண்ட் நிற்காது. 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, துடைத்து, பிரைமர் அடியுங்கள். முதலில் வெள்ளை, மெல்லியதாக மூன்று தடவை. மறுநாள் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டுக் கறுப்பு. அழுத்தாவிட்டால் பெயிண்ட் உள்ளே கசியும். வெயிலில் காயவைத்தால் பைப் வளையும், நிழலே நல்லது.

ராக்கெட் சுழல்வதைக் கேமராவில் பார்க்கத்தான் அந்தக் கறுப்பு வெள்ளை. 1966-இல் ஏவுதளச் சோதனைக்காக மட்டும் செய்த 500எஃப் ராக்கெட்டில், முதல் அடுக்கின் இரு தொட்டிகளுக்கு இடைப்பட்ட பகுதியிலும் கறுப்பு இருந்தது. வெயிலில் அது சூடேறியதால், பறந்தவற்றில் அந்த இடம் வெள்ளையாயிற்று. பழைய மாதிரிகள் பல 500எஃப்பைப் பார்த்தே வந்தவை. அப்போலோ 11 என்று எழுதி வைத்தால் அங்கே வெள்ளைதான் வேண்டும்.

கேள்வி: நிஜ ராக்கெட் எங்காவது மிஞ்சியிருக்கிறதா? – வாசகர், ஓசூர்

பதில்: மூன்று இருக்கின்றன: ஹூஸ்டன், ஹண்ட்ஸ்வில், கென்னடி விண்வெளி மையம். மூன்றுமே படுக்கவைத்தவை. ஹண்ட்ஸ்வில்லில் நிமிர்ந்து நிற்பது முழு அளவு மாதிரி. பறக்கவென்றே செய்த மூன்று அடுக்குகளும் சேர்ந்திருப்பது ஹூஸ்டனில். எஞ்சின் பகுதிக்கு அதன் படங்களைப் பாருங்கள்.